‘ஸ்கூட்’ என்றால் வெறும் ஓட்டமா? டீச்சரிடம் கேளுங்கள்

செந்தூல் வாசகர்: டீச்சர், ‘ஐ ஹேவ் டு ஸ்கூட்’ என்று சொல்லிவிட்டு மேலாளர் எழுந்து போனார். கோபமா?

இல்லை தம்பி. ‘சரி, நான் கிளம்பணும்’ என்கிறார், அவ்வளவுதான். சட்டென்று, வேகமாக நகர்வதுதான் ஸ்கூட். பழகியவர்களிடம் சொல்லலாம், வேலை விண்ணப்பத்தில் எழுத வேண்டாம்.

பட்டர்வொர்த் வாசகி: இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

இப்படி யாராவது கேட்க மாட்டார்களா என்றிருந்தேன்! 18ஆம் நூற்றாண்டிலேயே இது எழுத்தில் இருக்கிறது. ஸ்காட்லாந்துப் பேச்சில் தண்ணீர் பீய்ச்சி அடிப்பதற்கும் இதே சொல்தான். இதன் வேர் ஸ்காண்டிநேவியப் பக்கம் இருக்கலாம் என்பது அகராதிகளின் கருத்து. ஸ்காண்டிநேவியர்கள் முன்பு பேசிய பழைய நார்ஸ் மொழியில் ‘ஸ்கியோட்டா’ என்றால் எய்வது. ஆங்கில ‘ஷூட்’டுக்கும் அதற்கும் ஒரே மூலம். பழைய ஆங்கிலத்தில் ‘ஷ’ ஆக மாறிய ஒலி, நார்ஸ்காரர்கள் வாயில் ‘ஸ்க’ என்றே நின்றது. ஷர்ட்டும் ஸ்கர்ட்டும் இப்படிப் பிரிந்த உடன்பிறப்புகள்தாம். ‘வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு மாதிரி போனான்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அந்தக் காட்சி இந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. எனக்கு இதைவிடச் சந்தோஷம் தரும் விஷயம் மொழியில் இல்லை.

பாயான் லெப்பாஸ் வாசகர்: பேருந்தில் ஒருவர் ‘ஸ்கூட் ஓவர்’ என்றாரே?

கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லியிருக்கிறார்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி: ஸ்கூட்டருக்கும் இதற்கும் உறவு உண்டா?

உண்டும்மா, பிறந்ததே இதிலிருந்துதான். முதலில் பிள்ளைகள் ஒரு காலால் உந்தி ஓட்டும் வண்டிக்கு அந்தப் பெயர் வந்தது. அப்புறம்தான் மோட்டார் வண்டிக்கு. இத்தாலியின் வெஸ்பா வந்தது 1946இல். 2012 முதல் பறக்கும் சிங்கப்பூர் மலிவுக் கட்டண விமானத்துக்கும் ‘ஸ்கூட்’ என்றே பெயர். நல்ல பொருத்தம்.

ஜெலுத்தோங் வாசகர்: அப்படியானால் நம்ம ‘சாபுட்’டும் இதுவும் ஒன்றா டீச்சர்?

ஒன்றல்ல. மலாயில் சாபுட் என்றால் பிடுங்குவது. பேச்சில் இடத்தைக் காலி செய்வது. அதில் மாட்டிக்கொள்ளாமல் தப்பிக்கும் வாடை அடிக்கும். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் லைசென்ஸ் இல்லாத வியாபாரி அதிகாரிகளைக் கண்டதும் செய்வது சாபுட். தமிழில் ‘கம்பி நீட்டிவிட்டான்’. ஸ்கூட்டில் அந்தக் குற்ற வாடை இருக்க வேண்டியதில்லை. பள்ளி மணி அடித்ததும் பிள்ளைகள் ஸ்கூட் ஆகிறார்கள் என்றால், அவர்கள் யாரிடமிருந்தும் தப்பவில்லை. அதை ‘ஓடினார்கள்’ என்று மட்டும் மொழிபெயர்த்தால் எனக்கு மனசு கேட்காது. ‘சிட்டாய்ப் பறந்தார்கள்’ என்று எழுதுங்கள்.