மரக்கறி ஏற்ற புதிய டீசல் கெப் வாங்கலாமா?

கேள்வி: உருளைக்கிழங்கும் லீக்ஸும் பயிரிடுகிறேன். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கியுள்ளதால், லீசிங்கில் புதிய டீசல் டபிள் கெப் ஒன்றை வாங்க எண்ணுகிறேன். அது எனக்குப் பொருந்துமா? – வாசகர், வெலிமடை.

பதில்: மலைப்பாதை ஏற்றத்துக்கு டீசல் எஞ்சின் நன்கு பொருந்தும்; டர்போ டீசல் குறைந்த சுழற்சியிலேயே வலுவான இழுவிசையைத் தருவதால், மூடைகளுடன் வளைவில் வேகம் தணிந்தாலும் வண்டி திணறாது. என் கவலை புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டியைப் பற்றியது. சற்று வேகமாக, தொடர்ச்சியாக ஓடிச் சூடேறினால்தான் அது அக்கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். தோட்டத்திலிருந்து கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையம் வரை மட்டுமே ஊர்ந்து சென்று திரும்பும் வண்டியில் அது விரைவில் அடைபடும். அந்த வடிகட்டியுள்ள எஞ்சினுக்குக் கந்தகம் குறைந்த சுப்பர் டீசலையே ஊற்ற வேண்டும் என்பதால் செலவும் கூடும். இரண்டு வரிசை இருக்கைகள் இருப்பதால், டபிள் கெப்பில் சரக்கேற்றும் பின்தட்டின் நீளமும் குறைவு. மழையில் விளைச்சல் கெட்டாலும் லீசிங் தவணை நிற்காது என்பதையும் எண்ணிப் பாருங்கள். தம்புள்ளை, கொழும்பு என அடிக்கடி நெடுந்தூரம் ஓடுவதானால் வாங்கலாம். இல்லையேல், அந்த வடிகட்டி இல்லாத, நல்ல நிலையிலுள்ள பழைய சிங்கிள் கெப்பே உங்களுக்கு ஏற்றது.