கேமிங் கணினி திணறுகிறது, எனக்குக் கணினி பற்றி ஒன்றும் தெரியாது: எந்தப் பாகத்தை மாற்றினால் சரியாகும்?

புதுக் கணினிக்கென்று வைத்திருக்கும் எழுபதாயிரத்தை இப்போதைக்கு வெளியே எடுக்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: வாங்கி நான்கு வருடம் ஆன கணினி, இன்டெல் ஐ5-10400எஃப் பிராசசர், எச்510 மதர்போர்டு, எட்டு ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு, விண்டோஸ் 256 ஜிபி எஸ்எஸ்டியில், கேம் எல்லாம் ஒரு டிபி ஹார்ட் டிஸ்கில். முன்பு நன்றாக ஓடிய கேம்கூட இப்போது விட்டுவிட்டு ஓடுகிறது, புதுக் கேம் திறக்கவே நேரமாகிறது, கடையில் கேட்டால் "இதெல்லாம் பழசு, மொத்தமா மாத்திடுங்க" என்கிறார்கள். இந்தப் பட்டியலில் மாற்ற வேண்டியது இரண்டு மூன்று பொருள்தான். பிராசசரும் போர்டும் அதில் இல்லை.

நானும் கணினி படித்தவன் இல்லை. நீங்கள் மீனாட்சிபுரம், நான் கொழிஞ்சாம்பாறை, இரண்டும் ஒரே சித்தூர் தாலுகாதான். இங்கே உரமும் மருந்தும் விற்கும் கடை வைத்திருக்கிறேன். வீட்டில் அண்ணன் மகனும் நானும் சேர்ந்து விளையாடும் கணினி ஏறக்குறைய உங்களுடையதைப் போன்றதுதான். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இன்றைய கேம் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தோம். என் கடைக்கு வருபவர்களிடம் நான் சொல்வதுதான் இங்கேயும்: தென்னை மட்டை மஞ்சளாகிறது என்றால் எந்தச் சத்து குறைகிறது என்று பார்த்துவிட்டு அதை மட்டும் வையுங்கள், இருக்கிற உரத்தையெல்லாம் அள்ளிக் கொட்டாதீர்கள். கணினியில் அந்தக் குறையைக் கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் போதும், காசு ஒன்றும் ஆகாது.

முதலில் இதைச் செய்யுங்கள். கேம் ஓடும்போதே விண்டோஸ் பட்டனையும் ஜி எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் கேம் பார் வரும், அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற சின்னக் கட்டம் இருக்கும். ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு), சிபியு (பிராசசர்), ரேம் ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் உழைக்கிறது என்று அதில் தெரியும். வேறு எதையும் நிறுவ வேண்டியதில்லை. அந்தக் கட்டத்தைத் திரையிலேயே ஒட்டி வைத்துவிட்டு, கேம் செட்டிங்ஸில் வேகத்துக்குக் கட்டுப்பாடு போடும் விசிங்க்கையும் ஃபிரேம் லிமிட்டையும் அணைத்துவிட்டு, எந்த இடத்தில் திணறுமோ அந்த இடம்வரை விளையாடிப் பாருங்கள். ஜிபியு 95க்கு மேலேயே நின்றால் கிராஃபிக்ஸ் கார்டு தன்னால் முடிந்த மட்டும் உழைக்கிறது, அதற்கு மேல் அதனால் முடியவில்லை என்று பொருள். ஜிபியு அறுபது எழுபதிலேயே சும்மா நிற்கிறது, ஆனாலும் கேம் திணறுகிறது என்றால் கார்டைக் குறை சொல்ல முடியாது, வேறு ஏதோ அதைக் காக்க வைக்கிறது. சிபியு சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். உங்கள் பிராசசருக்குள் வேலையைப் பிரித்துச் செய்ய ஆறு கோர், பன்னிரண்டு திரெட். கேம் அதில் சிலவற்றை மட்டும்தான் முழுசாகப் பிடித்துக்கொள்ளும், அதனால் மொத்தக் கணக்கில் நாற்பது என்று காட்டினாலும் கேமுக்கு வேண்டிய கோர் திணறிக்கொண்டிருக்கலாம். ஜிபியு என்ன காட்டுகிறது என்று பார்ப்பதுதான் நம்பகமான வழி.

இதையே வேறு விதமாகவும் சரிபார்க்கலாம். கேமின் ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) நன்றாக ஏறினால் இடைஞ்சல் கார்டில். ஏறவே இல்லையென்றால் பிராசசர், ரேம், சூடு, இந்த மூன்றில் ஒன்று.

சூட்டைத்தான் நம் பக்கத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டும், ஆனால் இதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. பாலக்காட்டுக் கோடை எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, வெளியே 40 டிகிரி தொடும் நாளில் அறைக்குள்ளேயே அனல் நிற்கும், அந்தக் காற்றை உறிஞ்சித்தான் கணினியின் ஃபேன் பிராசசரைக் குளிர வைக்க வேண்டும். அது போதாதென்று ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று அடிக்கும்போது வருகிற புழுதி முழுக்க, பிராசசரின் சூட்டை இழுக்கும் உலோகத் தகடான ஹீட்சிங்க்கின் இடுக்கில் போய் அடைத்துக்கொள்கிறது. 10400எஃப் 100 டிகிரியைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும், நமக்கு அது "கணினி பழசாகிவிட்டது" என்று தோன்றும். எங்கள் வீட்டில் சித்திரை மாதத்தில் கேம் ஆரம்பித்து அரை மணி நேரம் நன்றாக ஓடும், அப்புறம் இழுக்கும். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி மேசை ஃபேனை நேராகத் திருப்பி வைத்தோம், இழுப்பது நின்றது. இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம், எந்த அறிவும் தேவையில்லை. எண்ணாகப் பார்க்க வேண்டுமென்றால் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பிராசசர் தொண்ணூறுக்கு மேல் போனால் சுத்தம் செய்ய வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டு எண்பதைச் சுற்றி நின்றால் பயம் வேண்டாம்.

சுத்தம் செய்யும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, புளோயர் அடிக்கும் நேரத்தில் ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் காற்றின் வேகத்தில் அது தறிகெட்டுச் சுற்றிக் கெட்டுப்போகும். நான்கு வருடத்தில் பிராசசர் மேல் தடவிய தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்திருக்கும். அதை ஒரு சர்வீஸ் ஆளிடம் விட்டு மாற்றிக்கொள்ளுங்கள், சின்ன வேலை, சில நூறு ரூபாய்தான் ஆகும்.

அடுத்து ரேம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸில் மெமரியைத் தொட்டால் இரண்டு ஸ்லாட்டில் ஒன்றுதான் நிரம்பியிருக்கிறது என்று உங்களுக்குக் காட்டும் என்று நினைக்கிறேன், எட்டு ஜிபியை ஒரே துண்டாகப் போட்டு விற்பதுதான் வழக்கம். அப்படி இருந்தால் இரண்டு நஷ்டம். எட்டு ஜிபி இன்றைய கேமுக்குப் போதாது. விண்டோஸும் பிரவுசரும் சேர்ந்தே அதில் பாதியை எடுத்துக்கொள்ளும், மீதி போதாமல் கணினி டிஸ்கைத் தேடி ஓடும்போதுதான் படம் நின்று நின்று வருகிறது. இன்னொன்று, ஒற்றைத் துண்டு என்றால் பிராசசருக்குத் தகவல் போகும் பாதையும் ஒன்றுதான், இரண்டு துண்டு போட்டால் பாதை இரண்டாகும். அதனால் இருக்கிறதோடு இன்னொரு எட்டு ஜிபி டிடிஆர்4 சேர்ப்பதுதான் உங்கள் கணினிக்குச் செய்யக்கூடிய முதல் செலவு. முடிந்தவரை அதே வேகம், அதே கம்பெனி. கடையில் 3600 வேகம் என்று விலை கூடியதைக் காட்டுவார்கள். எச்510 போர்டில் உங்கள் பிராசசர் 2666-க்கு மேல் ஓட்டாது, அந்தக் கூடுதல் காசு வீண். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது, ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை மொத்தமாக வாங்கிக் குவிப்பதுதான் காரணம். ஆகவே பழைய கணினியில் இருந்து கழற்றிய டிடிஆர்4 துண்டு கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம், ரேம் சாமானியமாகக் கெட்டுப்போகிற பொருள் இல்லை.

ஹார்ட் டிஸ்க் விஷயம் சுருக்கமாக. ஹார்ட் டிஸ்க் நொடிக்கு நூறு, நூற்றைம்பது எம்பி படிக்கும், சாதாரண சாட்டா எஸ்எஸ்டி ஐந்நூறுக்கு மேல். சைபர்பங்க் 2077 மாதிரியான கேம்கள் எஸ்எஸ்டியைக் குறைந்தபட்சத் தேவையாகவே எழுதிவிட்டன. அதே கேம் இப்போது 12 ஜிபி ரேமும் கேட்கிறது. அதிகம் விளையாடுகிற ஒரு கேமை மட்டும் 256 ஜிபி எஸ்எஸ்டிக்கு மாற்றிப் பாருங்கள், ஸ்டீம் என்றால் ஸ்டோரேஜ் செட்டிங்ஸிலேயே மூவ் என்று இருக்கும். திறக்கிற நேரமும், புது இடத்துக்குள் நுழையும்போது வருகிற வெட்டும் குறைந்தால் ஒரு டிபி எஸ்எஸ்டி வாங்குவது நியாயமான செலவு. எஃப்பிஎஸ் மட்டும் அதனால் ஏறாது, அதை எதிர்பார்த்து வாங்காதீர்கள்.

இனி கிராஃபிக்ஸ் கார்டு. 1650 வந்தது 2019-இல், அதில் இருப்பது நான்கு ஜிபி மெமரி. கார்டின் மெமரி நிரம்பினால் எஃப்பிஎஸ் நன்றாக இருக்கும்போதே திடீர் திடீரென்று இடறும். டெக்ஸ்சர் குவாலிட்டியை ஹையிலிருந்து மீடியத்துக்கு இறக்கினால் அது பெரும்பாலும் நின்றுவிடும், படத்தில் வித்தியாசமும் அவ்வளவு தெரியாது. எஃப்எஸ்ஆர் (படத்தைச் சின்னதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வசதி) என்று கேம் செட்டிங்ஸில் இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள், 1650-இலும் வேலை செய்யும். இதற்கு மேலும் போதவில்லை, ஜிபியு 99-இல் நிற்கிறது என்றால்தான் கார்டு மாற்றுகிற பேச்சு.

கார்டு வாங்கும் முன் கணினிப் பெட்டிக்குள் எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள். இந்த இடத்தில்தான் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நிறையப் பேர் கேபினெட்டோடு இனாமாக வந்த பெயர் தெரியாத 450 வாட் பெட்டியை வைத்துக்கொண்டு பெரிய கார்டை வாங்கிவந்துவிடுகிறார்கள். 1650-இல் பெரும்பாலானவை 75 வாட்டுக்குள் போர்டில் இருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும், அதனால் இதுவரை அந்தப் பெட்டி தாங்கியது. ஆர்எக்ஸ் 6600-க்கு 132 வாட், தனியாக எட்டு பின் வயர் வேண்டும். கேம் சூடுபிடிக்கும் இடத்தில் கணினி தானாக அணைந்து மறுபடி எழுந்தால் அது எஸ்எம்பிஎஸ் தாங்கவில்லை என்பதற்கான அறிகுறி. மட்டமான எஸ்எம்பிஎஸ் போகிற போக்கில் போர்டையும் கார்டையும் சேர்த்து எரித்துவிட்டுப் போகலாம், நம் பக்கத்துச் சாயங்கால வோல்டேஜில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். 80 பிளஸ் முத்திரை உள்ள, பெயர் தெரிந்த கம்பெனியின் 550 வாட் பெட்டி ஒன்று வாங்கினால் அடுத்த கணினிக்கும் அதுவே வரும்.

எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற முடியாது என்றால் ஆர்டிஎக்ஸ் 3050-இல் ஆறு ஜிபி வகை இருக்கிறது, 2024-இல் வந்தது, 70 வாட்தான், பெரும்பாலான மாடலுக்குத் தனி வயர் வேண்டாம். அதே பெயரில் எட்டு ஜிபி வகையும் உண்டு, அது 130 வாட், வேகமும் அதிகம், கார்டின் அட்டைப்பெட்டியைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். எஸ்எம்பிஎஸ் நல்லதாக இருந்தால் ஆர்எக்ஸ் 6600 உங்கள் பிராசசருக்குப் பொருத்தமான ஜோடி. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். அது போர்டோடு பேச நான்கே பாதைகள், உங்கள் பிராசசரோ அந்தப் பாதையில் (பிசிஐஇ) பழைய மூன்றாம் தலைமுறை, அந்தச் சேர்க்கையில் கார்டின் வேகம் நன்றாகவே அடிபடும்.

யுபிஎஸ் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. 600 விஏ என்று போட்டிருந்தால் அது 360 வாட் அளவுக்குத்தான் தாங்கும். கார்டு பெரிதானால் யுபிஎஸ்ஸும் பெரிதாக வேண்டும், அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போர்டையும் பிராசசரையும் ஏன் விடச் சொல்கிறேன் என்றால், எச்510 போர்டில் 10, 11-ஆம் தலைமுறை இன்டெல் மட்டும்தான் உட்காரும், 12-க்குப் போனால் சாக்கெட்டே வேறு, ஒன்றை மாற்றினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவுக்கு இன்னும் காலம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது, அதனால் கணினியே உதவாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், எட்டாம் தலைமுறைக்குப் பிறகு வந்த இன்டெல் பிராசசர்கள் விண்டோஸ் 11-ஐ ஏற்கும். கணினி எழும்போது திறக்கும் பயாஸ் செட்டிங்ஸில், விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதியான பிடிடி என்பதை இயக்க வேண்டியிருக்கலாம், அவ்வளவுதான்.

மானிட்டர் 144 ஹெர்ட்ஸ் என்றால் விண்டோஸ் செட்டிங்ஸின் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் 60 என்று நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள், அடிக்கடி நடக்கிற விஷயம்.

எங்கே வாங்குவது? பொள்ளாச்சியோ கோயம்புத்தூரோ பாலக்காடோ, ஜிஎஸ்டி எங்கும் 18 சதவீதம்தான், எல்லை தாண்டினால் வரி மிச்சம் என்பதெல்லாம் இப்போது கிடையாது. அதனால் வாரண்டிக்கு யார் பொறுப்பெடுத்து கம்பெனிக்கு அனுப்பித் தருவார் என்று கேட்டு, அந்த ஆளிடம் வாங்குங்கள். பில்லில் சீரியல் நம்பர் எழுதச் சொல்லுங்கள். பழைய கார்டு வாங்குவதாக இருந்தால் விற்பவர் வீட்டில் அரை மணி நேரமாவது கேம் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

புதுக் கார்டு வந்த பிறகு 1650-ஐ எக்ஸ்சேஞ்சில் கேட்பார்கள், கொடுத்துவிடாதீர்கள். உங்கள் பிராசசரின் பெயரில் கடைசியில் இருக்கும் எஃப், அதற்குள் கிராஃபிக்ஸ் கிடையாது என்பதைக் குறிக்கிறது. புதுக் கார்டு வாரண்டிக்குப் போய்த் திரும்புகிற வரைக்கும் திரையில் படம் வர அந்தப் பழைய கார்டுதான் வேண்டும்.