பலகை எழுத்தும் கையேட்டு எழுத்தும்

கேள்வி: காவிரிப் படுகைக் கோயில்களுக்கு வருவோருக்காக ஆங்கிலத்தில் ஒரு தகவல் கையேடு தொகுத்து வருகிறேன். பல ஊர்களில் கிளைகள் உள்ள ஓர் உணவகத்தின் பெயர், பலகையில் முழுக்கப் பெரிய எழுத்திலும், பார்சல் பையில் முழுக்கச் சிறிய எழுத்திலும், பில்லில் இரண்டும் கலந்தும் இருக்கிறது. எதைப் பின்பற்றுவது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: மூன்றில் எதற்கும் நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை. பலகையிலும் பையிலும் இருப்பது கண்ணைக் கவர்வதற்காக அமைத்த வடிவம். கையேட்டுக்கு உரியது ஆங்கிலச் சிறப்புப் பெயர்களின் பொது வழக்கு. அதாவது ஒவ்வொரு சொல்லிலும் முதல் எழுத்து மட்டும் பெரியது. சப்வே தன் சின்னத்தில் எல்லா எழுத்துகளையும் பெரியதாகவே இடுகிறது. ஆயினும் ஆங்கில நாளிதழ்களும் கலைக்களஞ்சியங்களும் பொதுவாக முதல் எழுத்தை மட்டுமே பெரிதாக்குகின்றன. ஒரு பக்கத்தில் ஒரு கடையின் பெயர் மட்டும் முழுக்கப் பெரிய எழுத்தில் நின்றால், அக்கம்பக்கத்துக் கடைகளைவிட அது உயர்ந்தது என்று நீங்களே சொல்வதுபோல் ஆகிவிடும். தகவல் நூலுக்கு அந்தச் சார்பு ஆகாது.

எழுத்தெழுத்தாக உச்சரிக்கும் கே.எஃப்.சி., ஏ2பி போன்ற சுருக்கங்கள் முழுக்கப் பெரிய எழுத்திலேயே இருக்கட்டும். மெக்டொனால்ட்ஸ் பெயரின் நடுவே வரும் பெரிய எழுத்தையும் தொடாதீர்கள். அது நிறுவியவர்களின் குடும்பப் பெயரிலேயே உள்ளது.

எழுத்தின் அளவில் உங்களுக்கு இருக்கும் இந்த உரிமை எழுத்துக்கூட்டலில் கிடையாது என்பதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். ‘பவன்’ என்பதை ஒருவர் ஆங்கிலத்தில் ‘எச்’ சேர்த்தும் இன்னொருவர் சேர்க்காமலும் எழுதுவார். அவரவர் எழுதியபடியே விடுங்கள். ஊரைத் தஞ்சாவூர் என்று குறித்தாலும், கடைப்பெயரில் ‘டேஞ்சூர்’ என்றிருந்தால் அப்படியே இருக்க வேண்டும். மயிலாடுதுறைக் கடைகளின் பெயரில் வரும் மாயவரத்துக்கும் இதுவே முறை. ஐயம் வந்தால், பில்லில் உள்ள 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணை அரசின் ஜிஎஸ்டி இணையதளத்தில் இட்டுப் பாருங்கள். பதிவான வணிகப் பெயர் தெரியும். அங்கே பெயர்கள் பெரும்பாலும் முழுக்கப் பெரிய எழுத்தில் இருப்பதால், எழுத்துக்கூட்டலுக்கு மட்டும் அதை ஆதாரமாகக் கொள்ளுங்கள்.

நீங்கள் கும்பகோணத்துக்காரர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலை ஓரங்களில் ‘கும்பகோணம் டிகிரி காபி’ என்று பலகை வைத்து, பித்தளை டவரா டம்ளரில் காபி தரும் கடைகள் பலவும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை. அங்கே அது ஒரு தொடர் உணவகத்தின் பெயர் அன்று, பானத்தின் பெயர். ஆகவே வாக்கியத்தின் நடுவில் ஊர்ப்பெயருக்கு மட்டும் பெரிய எழுத்து இட்டு, டிகிரியையும் காபியையும் சிறிய எழுத்தில் தொடங்குங்கள். குறிப்பிட்ட ஒரு கடை அதையே தன் பதிவுப் பெயராகக் கொண்டிருந்தால், அந்தக் கடையைச் சுட்டும் இடத்தில் மட்டும் மூன்று சொற்களும் பெரிய எழுத்தில் தொடங்கலாம்.