மெக்னீசியம் மாத்திரை வாங்கலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன், வயது 44. மூன்று மாத சராசரி சர்க்கரை 6.1 வந்திருக்கிறது. டாக்டர் மாத்திரை தரவில்லை, நடக்கச் சொன்னார். மெக்னீசியம், குரோமியம் மாத்திரை போட்டால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும் என்கிறாள் தோழி. வாங்கலாமா?

பதில்: 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். பெரும்பாலும் இந்த நேரத்தில் இன்சுலின் சுரக்கத்தான் செய்யும். உடம்புதான் அதன் பேச்சைக் கேட்காது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் போக முடியாமல் வரிசைகட்டி நிற்குமே, ரத்தத்தில் சர்க்கரை தேங்குவதும் அப்படித்தான்.

இன்சுலின் செல்லின் மேலுள்ள ஏற்பியில் வந்து ஒட்டியதும், ‘கதவைத் திற’ என்ற உத்தரவு உள்ளே போக வேண்டும். அதற்கு ஏடிபி, அதாவது செல்லுக்குச் சக்தி தரும் மூலக்கூறு, தேவை. ஏடிபி மெக்னீசியத்தோடு சேர்ந்தால்தான் வேலை செய்யும். ஆக, தோழி சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஆனால் பலன் பெரும்பாலும் மெக்னீசியம் குறைவாக உள்ளவர்களுக்குத்தான். போதுமான அளவு இருப்பவர் மேலும் விழுங்கினால் வயிற்றுப்போக்குதான் மிச்சம்.

உங்கள் தட்டைப் பாருங்கள். பெண்களுக்கு ஒரு நாளைக்கு 370 மில்லிகிராம் மெக்னீசியம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. 100 கிராம் தீட்டிய அரிசியில் சுமார் 20தான் இருக்கிறது. கம்பில் 120-க்கு மேல், கேழ்வரகில் 140-க்கு மேல். மூன்று வேளையும் அரிசி என்றால் எங்கிருந்து வரும்? ஒரு வேளையை மாற்றுங்கள். ஆனால் கேழ்வரகு மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை சட்டென ஏறும், கம்பஞ்சோறு மேல். சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதில் சுண்டலோ, ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ. இவற்றில் நார்ச்சத்தும் சேர்ந்தே கிடைக்கிறது, மாத்திரையில் அது கிடையாது.

குரோமியத்துக்கு ஆதாரம் தெளிவாக இல்லை, காசை மிச்சப்படுத்துங்கள். காசிமேட்டு மத்தி நல்ல மீன், குழம்பு வையுங்கள். அது டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பைக் குறைக்க உதவும். இன்சுலினுக்கென்று மீன் எண்ணெய் மாத்திரை வேண்டாம்.

டாக்டர் சொன்ன நடையை விடாதீர்கள். வேலை செய்யும் தசை, இன்சுலின் கூப்பிடாமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும்: ‘கேஸ் மாத்திரை’ மாதக்கணக்கில் போடுகிறீர்களா? ஒமிப்ரசோல் வகையை நெடுநாள் சாப்பிட்டால் மெக்னீசியம் குறையலாம். அப்படியென்றால் டாக்டரிடம் சொல்லி ரத்தத்தில் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள், கூடவே சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மெக்னீசியம் வெளியேறாமல் தேங்கி ஆபத்தாகும்.