ஆத்தாவின் கொழுப்பை ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: ஆத்தாவுக்குப் பித்தப்பைக் கல். மதுரையில் ஆபரேஷன். அப்போது வயிற்றிலிருந்து கொஞ்சம் கொழுப்பு எடுத்துச் சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளச் சம்மதம் கேட்கிறார்கள். "ஒல்லிக்குச்சி என்கிட்ட ஏது கொழுப்பு? எலிகிட்ட எடுக்கட்டுமே" என்கிறார் ஆத்தா. "நான் கையெழுத்துப் போட்டுடறேன்" என்கிறான் அண்ணன். என்ன செய்வது?
- வாசகி, தேவகோட்டை

பதில்: முதலில் அண்ணனிடமிருந்து பேனாவை வாங்கி வையுங்கள். ஆச்சி விவரமாகத்தான் பேசுகிறார். கையெழுத்தும் அவர்தான் போட வேண்டும்.

அவர் கேட்ட இரண்டுமே நல்ல கேள்விகள். எலியிடமும் எடுக்கிறார்கள்தான். கொழுப்பு செல்கள் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனை 1994-இல் எலியில்தான் கண்டுபிடித்தார்கள். அது சுரக்காமல் பருத்துப்போன எலிக்கு ஊசியாகப் போட்டதும் எலி இளைத்தது. பெரும்பாலான மனிதர்களிடம் அந்த வித்தை பலிக்கவில்லை. பருமனான பலருக்கு லெப்டின் ஏற்கெனவே கூடுதலாக இருக்கிறது, உடம்புதான் அதற்கு மசிவதில்லை. அதனால்தான் மனிதக் கொழுப்பையே கேட்கிறார்கள்.

ஒல்லி விஷயத்துக்கு வருவோம். புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யட்கினும் 2004-இல் ஒரு மருத்துவ இதழில் தங்கள் படங்களையே அருகருகே வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 22.3. ஆனால் உடல் கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2! ஆச்சியைப் போன்ற ஒல்லியான இந்திய உடம்பின் கொழுப்பு ஆராய்ச்சிக்கு அவ்வளவு முக்கியம்.

எடுத்த துண்டைப் பொடியாக நறுக்கி, நொதி (என்சைம்) ஊற்றிக் கரைத்துச் சுழற்றுவார்கள். முதிர்ந்த கொழுப்பு செல்கள் மீன் குழம்பில் நல்லெண்ணெய் போல மேலே மிதக்கும். அவற்றை வளர்ப்பது பெரும்பாடு. அடியில் தங்கும் இளம் செல்களைத்தான் தட்டில் வளர்த்து, இன்சுலினும் வேறு சில மருந்துகளும் சேர்ப்பார்கள். இரண்டு வாரம் போல ஆனால் உள்ளே குட்டிக் குட்டி எண்ணெய்த் துளிகள் திரளும். சிவப்புச் சாயம் விட்டால் மைக்ராஸ்கோப்பில் பளிச்சென்று தெரியும். அப்புறம் இன்சுலினுக்கு இணங்கி அந்த செல்கள் குளுக்கோஸை இழுக்கின்றனவா, கொழுப்பை அளவுக்கு மீறி வெளியே விடுகின்றனவா என்று பார்ப்பார்கள். தோலடிக் கொழுப்பையும் குடலைப் போர்த்திய கொழுப்பையும் ஒப்பிடுவதும் உண்டு.

இதனால் ஆச்சிக்குச் சர்க்கரை இருந்தாலும் குறையப் போவதில்லை. அதையும் சொல்லிவிடுங்கள். என்னைக் கேட்டால், கொடுக்கலாம். ஆனால் சிலவற்றைக் கேட்ட பிறகு: கொழுப்புக்காகத் தனியாக வெட்டு உண்டா? எவ்வளவு எடுப்பார்கள்? பெயரை நீக்கிவிடுவார்களா? மரபணுவையும் பார்ப்பார்களா? மிச்சத்தை வேறு ஆராய்ச்சிக்கோ கம்பெனிக்கோ கொடுப்பார்களா?

படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் தமிழில் கேளுங்கள். புரிகிற மொழியில் விளக்க வேண்டும், மறுத்தால் சிகிச்சையில் குறை வைக்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறை. ஆச்சி கடைசிவரை வேண்டாம் என்றால் சரி, விட்டுவிடுங்கள். அதற்காக யாராவது முகத்தைத் தூக்கினால், ஆராய்ச்சியைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் படிவத்திலேயே இருக்க வேண்டும், கூப்பிட்டுச் சொல்லுங்கள்.