பீட்டா பிளாக்கரும் ரத்தம் போதாத இதயமும்: கேள்வி பதில்

முப்பது வருடம் மருந்தியல் பாடம் நடத்தியவன் நான். பீட்டா பிளாக்கர் என்பது அட்ரினலின் என்ற ஹார்மோன் இதயத்தை விரட்டாமல் மறித்துத் துடிப்பைக் குறைக்கும் மருந்து. அது இதயத்தில் என்ன செய்கிறது என்று கேளுங்கள், சொல்கிறேன். மாத்திரை அளவை உங்கள் டாக்டர்தான் மாற்ற வேண்டும்.

கயல்விழி: அப்பாவுக்கு இதயத்தில் அடைப்பு. ஏற்கெனவே ரத்தம் குறைவு. துடிப்பையும் குறைத்தால் இன்னும் மோசமாகாதா?

நல்ல கேள்வி அம்மா. உடம்பு முழுக்க ரத்தம் அனுப்பும் இடது கீழறை, தனக்கு வேண்டிய ரத்தத்தில் பெரும்பகுதியைத் தளர்ந்திருக்கும்போதுதான் வாங்கிக்கொள்கிறது. சுருங்கும்போது தன் ரத்தக் குழாய்களைத் தானே நெரித்துவிடும். உள்பக்க அடுக்கு அதிகம் நெரிபடுவதால், அடைப்பு வந்தால் முதலில் வாடுவதும் அதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால், ஒவ்வொன்றிலும் சுமார் 0.3 நொடி சுருக்கம், 0.7 நொடி ஓய்வு. 120 ஆனால் துடிப்புக்கு அரை நொடிதான். சுருங்கும் நேரம் கொஞ்சம்தான் குறையும், ஓய்வு 0.25 நொடிக்கு வந்துவிடும். நிமிடத்தில் 42 நொடி ரத்தம் வாங்கிய தசைக்கு 30 நொடிதான் கிடைக்கும், வேலையோ இரண்டு மடங்கு.

மற்றத் தசைகள் அவசரத்துக்கு ரத்தத்திலிருந்து கூடுதல் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். இதயம் சும்மா இருக்கும்போதே பெரும்பகுதியை எடுத்துவிடுவதால் கையிருப்பு கிடையாது. வரவைக் கூட்ட முடியாவிட்டால் செலவைக் குறைப்போம் என்று யோசித்தவர் மருந்தியலாளர் ஜேம்ஸ் பிளாக். 1960-களில் ப்ரோப்ரனலால் என்ற பீட்டா பிளாக்கர் அப்படித்தான் வந்தது. 1988-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

செந்தில்: மாரடைப்பு நடக்கும்போதே ஊசியாகப் போட்டால் தசை பிழைக்குமா?

சிலருக்கு. ஸ்பெயினில் 270 பேரிடம் நடந்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. முன்சுவர் மாரடைப்பு வந்தவர்களுக்கு அடைப்பைத் திறக்கும் முன்பே மெட்டோப்ரோலால் என்ற பீட்டா பிளாக்கர் ஊசி. ஒரு வாரத்தில் எம்ஆர்ஐ எடுத்தால், ஊசி போட்டவர்களுக்குச் சராசரியாக 25.6 கிராம் தசை பாதிப்பு, போடாதவர்களுக்கு 32 கிராம். ஆனால் 2016-இல் 683 பேரிடம் செய்த இன்னொரு ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை.

சீனாவில் ஏறக்குறைய 46,000 பேரிடம் நடந்த 2005 ஆய்வையும் சேர்த்துப் பாருங்கள். மறு மாரடைப்பும் உயிர்கொல்லும் துடிப்புக் கோளாறும் ஆயிரத்துக்கு ஐந்தைந்து குறைந்தன. இதயம் பலவீனமாகி, உடம்புக்குப் போதிய ரத்தம் அனுப்ப முடியாத அதிர்ச்சி நிலைக்குப் போனவர்கள் ஆயிரத்துக்கு 11 பேர் கூடினார்கள். தள்ளாடும் இதயம் அட்ரினலின் பிடியில்தான் நிற்கிறது. அந்தப் பிடியைத் தட்டிவிட்டால் விழுந்துவிடும். அதனால்தான் பிபி இறங்கியவர்களுக்கும் மூச்சுத் திணறுபவர்களுக்கும் முதல் மணிநேரங்களில் இந்த ஊசி வேண்டாம் என்கிறோம்.

முத்து: ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம். நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். என் பெரியப்பா கல்யாணத்துக்குப் போன ஊருக்கு மாத்திரை அட்டையை எடுத்துப் போகவில்லை. நான்காம் நாள் விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மருந்து தடுத்து வைத்திருக்கும்போது தசை கூடுதல் ஏற்பிகளை, அதாவது அட்ரினலின் வந்து ஒட்டும் இடங்களை, முளைக்க வைக்கிறது. திடீரென விட்டால் அத்தனை ஏற்பிகள் மீதும் அட்ரினலின் பாயும்.

அருண்: சார், மாரடைப்புக்குப் பிறகு இந்த மருந்து தேவையில்லை என்று சுவீடன் ஆய்வே சொல்லிவிட்டதே? இன்னும் ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

2024-இல் வந்த அந்த ஆய்வை முழுதாகப் படியுங்கள் தம்பி. சுவீடன், எஸ்டோனியா, நியூசிலாந்தில் மாரடைப்பு வந்த 5,020 பேர். எல்லோருக்கும் எக்கோவில் இஎஃப், அதாவது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம், 50-க்குக் குறையவில்லை. இறப்பு அல்லது மறு மாரடைப்பு, மருந்து எடுத்தவர்களில் 7.9 சதவீதம், எடுக்காதவர்களில் 8.3. பெரிய வித்தியாசம் இல்லை.

நளினி: அதே வருடம் பிரான்ஸில் வேறு மாதிரி வந்ததே?

சரியாகப் பிடித்தீர்கள். அங்கே ஏற்கெனவே மருந்தில் இருந்தவர்களை நிறுத்திப் பார்த்தார்கள். நிறுத்தியவர்களில் 23.8 சதவீதம், தொடர்ந்தவர்களில் 21.1 சதவீதம் பேருக்குப் பிரச்சினை. இதயக் கோளாறுக்காக மருத்துவமனையில் சேர்ந்ததுதான் அதில் பெரும்பங்கு.

அருண்: அப்போது எதை நம்புவது?

இரண்டையும். சுவீடன் கேட்டது "தொடங்கலாமா", பிரான்ஸ் கேட்டது "நிறுத்தலாமா". இஎஃப் 40-க்குக் கீழே போனவருக்கு இந்த விவாதமே இல்லை, மருந்து வேண்டும்.

ரமேஷ்: அம்மாவுக்குச் சுகர். எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் சுகர் இறங்கும்போது வரும் படபடப்பு தெரியாமல் போகலாம். வியர்வையைக் கவனியுங்கள்.

பிரியா: எனக்கு வீசிங் உண்டு.

டாக்டரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். ப்ரோப்ரனலால் உங்களுக்கு ஆகாது.

குமார்: நெஞ்சுவலி நின்றுவிட்டது. இனி நிறுத்தலாமா?

மேலே முத்துவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஷாலினி: ஆஞ்சியோவில் அடைப்பே இல்லை, குழாய் இறுகுவதால் வலி என்கிறார்கள். இதே மாத்திரையா?

பொதுவாக இல்லை. பீட்டா ஏற்பிகளை மறித்தால் குழாயை இறுக்கும் ஆல்ஃபா ஏற்பிகள் தனியாக நின்று இறுக்கத்தைக் கூட்டலாம். அதற்குக் கால்சியம் சேனல் மருந்துகள். அவற்றில் ஒன்றான வெராபமில் எடுப்பவர்கள் டாக்டருக்குத் தெரியாமல் பீட்டா பிளாக்கரைச் சேர்க்கவே கூடாது. துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கும்.

வேலு: பல்ஸ் 54 காட்டுகிறது. இன்றிலிருந்து விட்டுவிடவா?

விடாதீர்கள்! தலைசுற்றல், கண் இருட்டுவது ஏதாவது உண்டா? இருந்தால் இப்போதே கிளம்பிப் போய்க் காட்டுங்கள். இல்லாவிட்டால் நாளைக் காலை டாக்டரைக் கூப்பிட்டு இந்த எண்ணைச் சொல்லுங்கள். குறைப்பதென்றால் படிப்படியாக எப்படி என்று அவரே எழுதித் தருவார்.