இரவு ஆட்டத்துக்கு எந்த லென்ஸ்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். என் மகனுக்குப் பதினொரு வயது. செவ்வாய், வியாழன் இரவுகளில் ஏழரை மணிக்கு, வீட்டுக்கு அருகிலுள்ள வலையடைத்த ஃபுட்சால் திடலில் காற்பந்துப் பயிற்சிக்குப் போகிறான். என்னிடம் கேனன் 200டி கேமராவும் அதற்கான 18-55, 55-250 லென்ஸ்களும் இருக்கின்றன. பகலில் படங்கள் நன்றாகவே வருகின்றன. இரவில், நின்றுகொண்டிருக்கும் பிள்ளைகள் தெளிவாகவும் ஓடுகிற பிள்ளைகள் கலங்கியும் விழுகிறார்கள். போன வாரப் படங்களின் விவரத்தைத் திறந்து பார்த்தேன். பெரும்பாலும் எஃப் 5.6, 1/125 நொடி, ஐஎஸ்ஓ 6400 என்றே இருக்கிறது. கடைக்காரர், ஸ்டெபிலைசர் உள்ள 70-300 லென்ஸை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். இணையத்தில் எல்லாரும் 70-200 எஃப் 2.8 என்கிறார்கள், அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. எழுநூறு வெள்ளிக்குமேல் என்னால் முடியாது. எதை வாங்கலாம்?

ச., ஈசூன்

அன்புள்ள ச.,

70-300 வேண்டாம். அந்த வகை லென்ஸ்களில் பெரும்பாலானவை நீட்டிய நிலையில் எஃப் 5.6 அளவுக்கே திறக்கும். அதாவது உங்கள் 55-250 இப்போது எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடுகிறதோ அவ்வளவைத்தான் அதுவும் விடும். ஸ்டெபிலைசரும் உங்கள் 55-250இல் ஏற்கெனவே இருக்கிறது. அது உங்கள் கை நடுக்கத்தைச் சரிசெய்யுமே தவிர, பையனின் ஓட்டத்தை நிறுத்தாது. நிற்கிற பிள்ளைகள் தெளிவாகவும் ஓடுகிறவர்கள் கலங்கியும் விழுவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கை ஆடியிருந்தால் படம் முழுவதுமே கலங்கியிருக்கும். ஆகவே குறை ஷட்டர் வேகத்தில் இருக்கிறது. அந்த வேகம் கூடாததற்குக் காரணம் வெளிச்சக் குறைவு.

நீங்கள் எண்களைக் குறித்து அனுப்பியது மிகவும் உதவியது. எஃப் எண் சிறிதாகச் சிறிதாக லென்ஸ் அகலமாகத் திறக்கும்; அந்த எண் பாதியானால் உள்ளே வரும் வெளிச்சம் நான்கு மடங்காகும். ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, மாற்றாமல், எஃப் 5.6இல் 1/125 நொடி கிடைத்த அதே திடலில், எஃப் 2.8 லென்ஸ் 1/500 நொடியைத் தரும். எஃப் 1.8 லென்ஸ் ஏறத்தாழப் பத்து மடங்கு வெளிச்சத்தை விடுவதால், 1/1000 நொடியைச் சற்றே தாண்டலாம். ஓடும் சிறுவனின் முகம் தெளிய 1/500 போதும். உதைக்கும் காலும் பறக்கும் பந்தும் விளிம்பு கலையாமல் வர வேண்டுமானால் 1/1000 வேண்டும். எனவே லென்ஸ் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதைவிட, எவ்வளவு அகலத் திறக்கும் என்பதையே நீங்கள் பார்க்க வேண்டும்.

இணையத்தில் சொல்பவர்களும் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் அவர்களில் பலர் நூறு மீட்டர் நீளமுள்ள பெருந்திடலின் ஓரத்தில் நிற்பவர்கள். ஸ்டெபிலைசர் உள்ள பழைய கேனன் 70-200 எஃப் 2.8 வகைகளின் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையைச் சுமக்கவும் தயாரானவர்கள். 'கோடையில் பொழுது சாயும்வரை ஆடும் ஆட்டங்களை எடுத்துப் பழகுங்கள்' என்றும் சிலர் அறிவுரை கூறுவார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏழு மணியையொட்டியே சூரியன் மறைகிறது, அந்தி வெளிச்சமும் நீடிப்பதில்லை. ஏழரை மணிப் பயிற்சி எந்த மாதத்திலும் விளக்கு வெளிச்சத்தில்தான் நடக்கும். உங்கள் மகன் ஆடுவதோ ஃபுட்சால் திடல்; முழு அளவு என்றாலே ஏறத்தாழ 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம்.

இந்த அளவுக்கு நான் சொல்வது கேனன் இஎஃப் 85 மி.மீ. எஃப் 1.8. 1992இல் வந்த லென்ஸ். எடை 425 கிராம். பழைய சந்தையில் உங்கள் தொகைக்குள் அடங்கும். உங்கள் கேமராவின் சென்சார் சிறியது என்பதால் இது பெரிய சென்சார் கேமராவில் 136 மி.மீ. லென்ஸ் காட்டும் காட்சியைக் காட்டும். பத்து மீட்டர் தொலைவில், கேமராவைக் கிடைநிலையில் பிடித்தால், சட்டகத்தின் உயரம் ஒன்றே முக்கால் மீட்டர்; பதினொரு வயதுப் பிள்ளை தலை முதல் கால் வரை நிறைவாக அடங்குவான். இருபது மீட்டரில் சட்டகத்தின் பாதிக்கும் சற்றுக் குறைவாகத் தெரிவான். அப்போது படத்தை வெட்டிக்கொள்ளலாம். 24 மெகாபிக்சல் படத்தை நான்கில் ஒரு பங்காக வெட்டினாலும், 4ஆர் அச்சுக்கும் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவுக்கும் தாராளமாகப் போதும். அதற்கும் அப்பால் நடப்பதை விட்டுவிடுங்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் சற்று ஓரமாக நின்று, உங்கள் பக்கத்துப் பாதித் திடலை மட்டும் எடுத்தால், பிள்ளைகள் முகத்தைக் காட்டியபடி உங்களை நோக்கியே வருவார்கள்.

திடல் வலையடைத்தது என்கிறீர்கள். அது நீங்கள் அஞ்சும் அளவுக்குத் தடையல்ல. லென்ஸின் முகப்பை வலைக்கு மிக அருகில், ஒரு கண்ணியின் நடுவே வைத்து, எஃப் 1.8 அல்லது 2இல் எடுத்தால் வலைக்கயிறு கரைந்துபோகும். அரை மீட்டர் தள்ளி நின்றால் கயிறு மங்கலான கோடாகப் படத்தின் குறுக்கே விழும். பந்து வலையில் வந்து மோதும் இடத்தில் மட்டும் நிற்காதீர்கள். கேமராவுக்கு மட்டுமல்ல, மூக்குக்கும் ஆபத்து. பயிற்றுநரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு நிற்பது நல்லது. மற்றப் பிள்ளைகளின் படங்களை அவர்களுடைய பெற்றோரைக் கேட்காமல் பகிர வேண்டாம்.

அகலத் திறக்கும் லென்ஸுக்கு ஒரு விலை உண்டு. எஃப் 1.8இல், பத்து மீட்டர் தொலைவில், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். குறி சற்றுத் தவறினால் மகனுக்குப் பின்னால் நிற்பவன் தெளிவாகவும் மகன் மங்கலாகவும் விழுவான். வியூஃபைண்டர் வழியாகப் பார்க்கையில் உங்கள் கேமராவுக்குக் குவியப் புள்ளிகள் ஒன்பதே. அவற்றில் நடுப்புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு, நகர்பவரை விடாமல் குவித்துக்கொண்டே இருக்கும் ஏஐ செர்வோ முறையில், பையனின் மார்பைப் பின்தொடருங்கள். மேனுவல் முறையில் எஃப் 2, 1/800, ஐஎஸ்ஓ 6400 என்று தொடங்குங்கள். ஆட்டத்துக்கு முன் திடலைச் சுற்றி நடந்து நாலைந்து படம் எடுத்துப் பாருங்கள். இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவே வெளிச்சம் குறைவாகவே இருக்கும், எந்தப் பகுதி வெளிச்சமானது என்பது உடனே தெரிந்துவிடும். அந்தப் பகுதிக்குப் பந்து வரும்வரை காத்திருப்பது ஐஎஸ்ஓவை ஏற்றுவதைவிட மேலானது. பிள்ளைகள் பந்தைப் பார்த்துக் குனிந்தே ஓடுவதால், மேலிருந்து விழும் விளக்கொளி கண்களை இருட்டாக்கும்; நீங்கள் முழங்காலிட்டு எடுத்தால் முகம் மீளும்.

தொடர்ந்து எடுக்கும்போது ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கியோ நிறம் மாறியோ வந்தால் லென்ஸைச் சந்தேகிக்க வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில விளக்குகள் நொடிக்கு நூறு முறை ஏறி இறங்குகின்றன. வேகமான ஷட்டர் அந்த ஏற்ற இறக்கத்தைப் பிடித்துவிடுகிறது. கேமரா பட்டியலில் ஃபிளிக்கர் தடுப்பு இருந்தால் அதை இயக்கிவிடுங்கள்.

70-200 எஃப் 2.8 லென்ஸின் தேவை, மகன் பதினொருவர் ஆட்டத்துக்குப் போன பிறகுதான் வரும். அப்போதும் 1995இல் வந்த, ஸ்டெபிலைசர் இல்லாத பழைய வகையைத் தேடுங்கள். 1/500 நொடிக்கு மேல் எடுப்பவருக்கு ஸ்டெபிலைசருக்காகக் கூடுதல் பணம் தருவதில் பொருளில்லை. இந்த இஎஃப் லென்ஸ்களை, பின்னாளில் மிரர்லெஸ் கேமராவுக்கு மாறினாலும், அடாப்டர் போட்டுப் பயன்படுத்தலாம்.

பழைய லென்ஸைப் பெனின்சுலா பிளாசாவில் வாங்கினாலும் கரோசல் இணையச் சந்தையில் வாங்கினாலும், கேமராவைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸுக்குப் பெரிய பகை பூஞ்சை. கைப்பேசி விளக்கை லென்ஸின் ஒரு முனையில் அடித்து, மறுமுனை வழியாகச் சாய்த்துப் பாருங்கள்; ஓரிரு தூசு இருந்தால் பரவாயில்லை, சிலந்தி நூல்போல் கிளைத்த வெண்கோடுகள் தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பிறகு லென்ஸை உங்கள் கேமராவில் பொருத்தி, சாய்வாக வைத்த ஒரு செய்தித்தாளின் நடு வரியில் குவித்து, எஃப் 1.8இல் சில படங்கள் எடுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது, குவித்த வரியை விட்டு முன்வரியோ பின்வரியோ ஒவ்வொரு முறையும் தெளிவாக இருந்தால் அந்த லென்ஸ் உங்கள் கேமராவோடு ஒத்துப்போகவில்லை என்று பொருள். அதைத் திருத்தும் வசதி 200டியில் இல்லை. வேறொரு லென்ஸைக் கேளுங்கள். வாங்கிய பின் மிச்சமிருக்கும் பணத்தில் ஓர் உலர்பெட்டி வாங்கி, ஈரப்பதத்தை நாற்பது முதல் ஐம்பது விழுக்காட்டுக்குள் வைத்து, மற்ற இரு லென்ஸ்களையும் அதிலேயே வையுங்கள்.